தொகுத்த அட்டவணையில் இடைநிலை அளவு தப்பாக வருகிறதா? விடையை வைத்தே பிழையைப் பிடிக்கலாம்

பல வருடங்களாகக் கணக்கு நோட்டுகளைத் திருத்துகிறேன். பிரிவு பிரிவாகத் தொகுத்த விவரங்களின் இடைநிலை அளவு (மீடியன், வரிசையின் நடுவில் நிற்கும் மதிப்பு) என்று வந்துவிட்டால், பிழைகள் புதிது புதிதாக வருவதே இல்லை. அதே பத்துப் பன்னிரண்டு பிழைகள்தான் கையெழுத்து மட்டும் மாறித் திரும்பத் திரும்ப வருகின்றன. சூத்திரத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் பிள்ளைகள்கூடத் தடுமாறுகிறார்கள். அட்டவணையில் எந்த வரியிலிருந்து எந்த எண்ணை எடுப்பது என்ற இடத்தில்தான் கோளாறு.

ஒவ்வொரு பிழையும் விடையில் ஒரு தடயத்தை விட்டுவிட்டுப் போகும். அந்தத் தடயத்தைப் பார்த்து, உங்களுக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். எல்லாவற்றையும் வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தலைப்பின் கீழும் எளிய காரணம் முதலில், வேலை அதிகம் வைக்கும் காரணம் கடைசியில்.

பேச வசதியாக ஒரு அட்டவணை. ஒரு பிரிவில் எத்தனை பேர் என்பது நிகழ்வெண்; அந்த வரி வரை கூட்டிக்கொண்டே வந்தது குவிவு நிகழ்வெண், சுருக்கமாகக் குவிவு. 60 பேர் காத்திருந்த நேரம், நிமிடத்தில்:

0–10: 5 பேர், குவிவு 5
10–20: 9 பேர், குவிவு 14
20–30: 18 பேர், குவிவு 32
30–40: 20 பேர், குவிவு 52
40–50: 8 பேர், குவிவு 60

மொத்தத்தில் பாதி 30. குவிவு நிகழ்வெண் முதன்முதலாக 30-ஐத் தொடுவது அல்லது தாண்டுவது 20–30 என்ற வரியில். அதுதான் இடைநிலைப் பிரிவு.

இடைநிலை அளவு = கீழெல்லை + [(மொத்தத்தில் பாதி − முந்தைய வரியின் குவிவு) ÷ பிரிவின் நிகழ்வெண்] × பிரிவின் அகலம்

= 20 + [(30 − 14) ÷ 18] × 10 = 28.89 நிமிடம்.

## எந்தக் கோளாறானாலும் முதலில் இந்த இரண்டு சோதனைகள்

ஒன்று, பின்னத்தைத் தனி வரியில் எழுதுங்கள். இங்கே 16 ÷ 18 = 0.89. இது 0-க்கும் 1-க்கும் நடுவில் இருந்தே ஆக வேண்டும். மைனஸில் வந்தாலோ 1-ஐத் தாண்டினாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். மேற்கொண்டு பெருக்கிக் கூட்டுவதில் பயனில்லை.

இரண்டு, விடையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 28.89 என்பது 20-லிருந்து 8.89 தள்ளி இருக்கிறது. அகலம் 10. ஆக, அந்தப் பிரிவின் 18 பேரில் 0.889 பங்கு, அதாவது 16 பேர், இதற்குக் கீழே. முந்தைய 14 பேரையும் சேர்த்தால் 30. பாதி வந்துவிட்டது, சரி. அரை நிமிட வேலைதான். ஆனாலும் நான் பார்த்த நோட்டுகளில் இதைச் செய்தவர்கள் மிகக் குறைவு. இதை மட்டும் பழக்கிக்கொண்டால் கீழே உள்ளவற்றில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

## கோளாறு: விடை பிரிவுக்குக் கீழே போய்விட்டது

பிரிவு 20–30, விடையோ 20-க்குக் குறைவு. பின்னம் மைனஸில் இருக்கும்.

விடை சரியானதைவிட ஒரு முழு அகலம் குறைவா? 18.89 என்று வந்திருந்தால் காரணத்தைத் தேடவே வேண்டாம். முந்தைய வரியின் குவிவான 14-க்குப் பதிலாக, அதே வரியின் குவிவான 32-ஐக் கழித்திருக்கிறீர்கள். இந்தப் பிழை எப்போதும் மிகச் சரியாக ஓர் அகலத்தைக் குறைத்துக் காட்டும், எந்த அட்டவணையானாலும். நோட்டில் கணக்கின் வழிமுறையையே பார்க்காமல் விடையை மட்டும் பார்த்து இதைச் சொல்லிவிடலாம். பழக்கம் மாற ஒரு வழி இருக்கிறது. இடைநிலைப் பிரிவை வட்டமிடுவதற்கு முன், அதற்கு மேல் வரியின் குவிவை வட்டமிடுங்கள்.

பிரிவையே தப்பாக எடுத்தீர்களா? அதிக நிகழ்வெண் உள்ள 30–40-ஐப் பலர் எடுக்கிறார்கள். அது முகடு இருக்கும் பிரிவு. அதை வைத்துப் போட்டால் (30 − 32) ÷ 20 = −0.1, விடை 29. இந்த 29 சரியான விடைக்கு மிக அருகில் இருப்பதால் கண்ணை ஏமாற்றிவிடும். 30–40 பிரிவின் விடை 30-க்குக் கீழே எப்படி வரும் என்று கேட்டால் பிடிபட்டுவிடும். பின்னம் மைனஸ் என்றால் ஒரு வரி மேலே போய்ப் பாருங்கள்.

அட்டவணையின் நடு வரியை எடுப்பதும் இதே வகைதான். மேலே உள்ள ஐந்து வரிகளில் மூன்றாவது வரி தற்செயலாகச் சரியாக அமைந்துவிட்டது. அப்படி அமைந்த ஒரு கணக்கைப் போட்டுப் பழகியவர்கள்தான் அடுத்த கணக்கில் விழுகிறார்கள்.

## கோளாறு: விடை பிரிவுக்கு மேலே போய்விட்டது

பின்னம் சரி, விடை மட்டும் தப்பு என்றால் கால்குலேட்டரைப் பாருங்கள். அடைப்புக்குறி போடாமல் 20 + 30 − 14 ÷ 18 × 10 என்று அடித்தால் 42.22 வரும். வகுத்தலும் பெருக்கலும் முதலில் நடந்துவிடுவதால் 14 மட்டும் வகுபடுகிறது. கழித்தலை முதலில் முடித்து, அந்த 16-ஐ வைத்துத் தொடருங்கள்.

விடை ஒரு முழு அகலம் அதிகமா? 38.89 வந்தால் கீழெல்லை 20-க்குப் பதில் மேலெல்லை 30-ஐக் கூட்டியிருக்கிறீர்கள்.

பின்னமே 1-ஐத் தாண்டினால் மூன்று வாய்ப்புகள். முந்தைய வரியின் குவிவுக்குப் பதில் அந்த வரியின் நிகழ்வெண்ணை எடுத்திருக்கலாம்: (30 − 9) ÷ 18 = 1.17, விடை 31.67. மொத்தத்தைப் பாதியாக்க மறந்திருக்கலாம்: (60 − 14) ÷ 18 = 2.56, விடை 45.56. இரண்டும் இல்லையென்றால் பிரிவை ஒரு வரி முன்னதாகவே எடுத்துவிட்டீர்கள், கீழே இறங்குங்கள்.

## கோளாறு: விடை பிரிவுக்குள்ளேதான் இருக்கிறது, ஆனால் ஒத்துப்போகவில்லை

இது கொஞ்சம் கெட்ட வகை. பின்னச் சோதனையில் தப்பித்து வந்துவிட்ட பிழைகள் எல்லாம் இங்கே ஒளிந்திருக்கும்.

முதலில், வகுத்த எண் எது? பிரிவின் நிகழ்வெண் 18-ஆல் வகுக்க வேண்டிய இடத்தில் குவிவு 32-ஆல் வகுத்தால் 16 ÷ 32 = 0.5, விடை 25. பின்னம் நல்ல பிள்ளையாக 0.5 என்று நிற்கிறது, விடையும் பிரிவின் நட்டநடுவில் இருக்கிறது. யாருக்கும் சந்தேகமே வராது. திருப்பிப் போடும் சோதனைதான் இதைப் பிடிக்கும்: 25-க்குக் கீழே 14 + 9 = 23 பேர்தான், 30 பேர் இல்லை.

அடுத்து, பாதியை எப்படி எடுத்தீர்கள்? தனித்தனி எண்களாக வரிசைப்படுத்தும்போது மொத்தத்தோடு 1 கூட்டிப் பாதியாக்கிய பழக்கம் இங்கேயும் ஒட்டிக்கொள்ளும். 61-இல் பாதி 30.5, விடை 29.17. சரியான விடையோடு இருக்கும் வித்தியாசம் 0.28. அகலத்தை நிகழ்வெண்ணால் வகுத்துப் பாதியாக்கினால் இதே 0.28 வரும். வித்தியாசம் அந்த எண்ணோடு பொருந்தினால் காரணம் இதுதான். தொகுத்த அட்டவணைக்கு மொத்தத்தை அப்படியே பாதியாக்கினால் போதும். மொத்தம் 45 என்றால் 22.5, அதை 23 ஆக்கக் கூடாது.

நடுவிலேயே முழுமையாக்கிவிட்டீர்களா? 16 ÷ 18-ஐ 0.9 என்று சுருக்கினால் 28.89 போய் 29 வந்துவிடும். கடைசி வரியில் மட்டும் சுருக்குங்கள்.

பிரிவுகளின் அகலம் சமமாக இல்லாதபோது எந்த அகலம்? இடைநிலைப் பிரிவின் சொந்த அகலம். 0–10, 10–20, 20–50, 50–100 என்ற பிரிவுகளில் 7, 12, 15, 6 என்று நிகழ்வெண்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 40, பாதி 20, குவிவு 7, 19, 34, 40. இடைநிலைப் பிரிவு 20–50, அகலம் 30. விடை 20 + (1 ÷ 15) × 30 = 22. முதல் வரியைப் பார்த்து 10 என்று எடுத்தவருக்கு 20.67 வரும். செவ்வகப் படம் (ஹிஸ்டோகிராம்) வரையும்போது அகலத்துக்கேற்ப உயரத்தைச் சரிக்கட்டுவோமே, அந்த வேலை இடைநிலை அளவுக்கு வேண்டாம். நிகழ்வெண்களைத் தொடவே கூடாது.

## கோளாறு: விடை அரை அளவு கூடவோ குறையவோ இருக்கிறது

பிரிவுகள் 40–49, 50–59, 60–69 என்று இடைவெளி விட்டு இருக்கிறதா? அப்படியானால் நீங்கள் தேடி வந்த இடம் இதுதான்.

40–49: 6, 50–59: 11, 60–69: 14, 70–79: 9 என்று மதிப்பெண்கள். மொத்தம் 40, பாதி 20, முந்தைய குவிவு 17, பின்னம் 3 ÷ 14 = 0.214. இதுவரை எல்லாரும் சரியாக வந்துவிடுவார்கள். அப்புறம் நான்கு விதமான விடைகள் முளைக்கும்:

61.64: கீழெல்லை 59.5, அகலம் 10. இதுதான் சரி.
62.14: கீழெல்லை 60, அகலம் 10. எல்லையைச் சரிசெய்யவில்லை.
61.43: கீழெல்லை 59.5, அகலம் 9. எல்லை சரி, அகலம் தப்பு.
61.93: இரண்டுமே தப்பு.

59-க்கும் 60-க்கும் நடுவே இருக்கும் 1 என்ற இடைவெளியைப் பாதியாக்கி, கீழெல்லையில் 0.5 குறைத்து, மேலெல்லையில் 0.5 கூட்டினால் பிரிவுகள் ஒட்டிக்கொள்ளும். அகலத்துக்கு 69-இலிருந்து 60-ஐக் கழிக்காதீர்கள். 60, 61 என்று 69 வரை விரல்விட்டு எண்ணினால் பத்து எண்கள் இருக்கும். அடுத்த பிரிவின் கீழெல்லையிலிருந்து இந்தப் பிரிவின் கீழெல்லையைக் கழித்தாலும் (70 − 60) அதே பத்து கிடைக்கும்.

இடைவெளி எப்போதும் 1 என்றும் நினைக்க வேண்டாம். 2.0–2.4, 2.5–2.9 என்று இருந்தால் இடைவெளி 0.1, குறைக்க வேண்டியது 0.05.

இனி, புத்தகக் கணக்கு போட்டுப் பழகியவர்கள் கவனிக்காமல் விடும் ஒன்று. அந்த அட்டவணை மதிப்பெண்ணுக்குப் பதில் வயதாக இருந்தால்? வயதைக் கேட்டால் நாம் முடிந்த வருடத்தைத்தான் சொல்கிறோம். 69 வயது முடிந்து பதினொரு மாதம் ஆனவரும் 69 என்றுதான் சொல்வார். ஆக 60–69 என்ற பிரிவு உண்மையில் 60-இல் தொடங்கி 70-ஐத் தொடும்வரை நீள்கிறது. இங்கே 0.5 குறைப்பது தப்பு, 62.14-தான் சரியான விடை. எடையைக் கிட்டத்தட்ட முழு எண்ணாக்கி எழுதியிருந்தால் 59.5-லிருந்து தொடங்குவது சரி. அதே எண்கள், அதே பிரிவுகள், ஆனால் எழுதியவர் எப்படி அளந்தார் என்பதைப் பொறுத்து விடை 0.5 நகர்கிறது. எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம் இது. 0.5-ஐ மந்திரம் மாதிரி குறைக்காமல், இந்த எண் எப்படி எழுதப்பட்டது என்று ஒரு நிமிடம் கேட்க வைக்கிறது.

## கோளாறு: விடை அட்டவணையிலேயே இருக்கும் ஒரு எண்

விடை 30 என்றால் பாதியை எழுதிவிட்டு நிறுத்திவிட்டீர்கள். அது நடுவில் நிற்பவரின் இடம். அவர் காத்திருந்த நேரம் இல்லை. விடையோடு அலகை எழுதிப் பாருங்கள். "30 பேர்" என்று படிக்கத் தோன்றினால் வேலை இன்னும் பாக்கி.

விடை 9 என்றால் எக்செல் போன்ற ஒன்றில் நிகழ்வெண் பத்தியை அப்படியே மீடியன் கட்டளைக்குக் கொடுத்திருப்பீர்கள். 5, 8, 9, 18, 20 என்று அது வரிசைப்படுத்தி நடு எண்ணைத் தந்துவிட்டது. நடுப்புள்ளிகளைக் கொடுத்தால் 25 வரும், அதுவும் தப்பு. அந்தக் கட்டளைக்கு ஒரு வரியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது தெரியாது. தொகுத்த அட்டவணைக்குச் சூத்திரத்தை நீங்களே கட்டத்தில் எழுத வேண்டும்.

## கோளாறு: கடைசிக் குவிவும் மொத்தமும் ஒத்துப்போகவில்லை

கூட்டல் பிழையாக இருந்தால் கீழிருந்து மேலே மறுபடி கூட்டினால் போதும். அது இல்லையென்றால், கேள்வியில் கொடுத்த பத்தி என்ன என்று பாருங்கள். எண்கள் ஓரிடத்திலும் குறையாமல் ஏறிக்கொண்டே போகின்றனவா? "10-க்குக் கீழ் 5, 20-க்குக் கீழ் 14, 30-க்குக் கீழ் 32" என்று இருந்தால் அது ஏற்கெனவே குவிவு. அதை நிகழ்வெண் என்று நினைத்து மறுபடி குவித்தால் மொத்தம் 163 ஆகிவிடும்; பாதி 81.5, விடை 35.87. பின்னச் சோதனையும் திருப்பிப் போடும் சோதனையும் இதில் தோற்றுவிடும், ஏனென்றால் தப்பான அட்டவணைக்குள் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். கேள்வியில் எத்தனை பேர் என்று சொல்லியிருப்பதோடு மொத்தத்தை ஒப்பிடுவது ஒன்றே வழி.

"0-வும் அதற்கு மேலும் 60, 10-ம் மேலும் 55, 20-ம் மேலும் 46, 30-ம் மேலும் 28, 40-ம் மேலும் 8" என்று இறங்குமுகமாக இருந்தால், அடுத்தடுத்த எண்களைக் கழித்து 5, 9, 18, 20, 8 என்ற நிகழ்வெண்களை முதலில் மீட்டெடுங்கள்.

நீங்களே எண்ணித் தொகுத்த அட்டவணை என்றால் இன்னொரு காரணம் உண்டு. 20 என்ற மதிப்பை 10–20-இலும் 20–30-இலும் இரண்டு முறை எண்ணியிருக்கலாம். மேலெல்லை அந்தப் பிரிவைச் சேராது என்ற விதியோடு முதலிலிருந்து எண்ணுவதைத் தவிர வேறு வழியில்லை.

## கோளாறு: பாதியும் ஒரு குவிவும் மிகச் சரியாகச் சமம்

0–5: 4, 5–10: 11, 10–15: 10, 15–20: 5. மொத்தம் 30, பாதி 15, இரண்டாவது குவிவும் 15. எந்தப் பிரிவை எடுப்பது என்று பயப்பட வேண்டாம். 5–10 எடுத்தால் 5 + (11 ÷ 11) × 5 = 10. 10–15 எடுத்தால் 10 + 0 = 10. இரண்டும் ஒன்றே.

நடுவில் 0 நிகழ்வெண் உள்ள வரி இருந்தால்தான் சிக்கல். 10–15-இல் ஒருவரும் இல்லாமல், அந்த 10 பேர் 15–20-இலும் 5 பேர் 20–25-இலும் இருந்தால், ஒரு பக்கம் 10 வரும், மறுபக்கம் 15 வரும், நடு வரியை எடுத்தால் 0-ஆல் வகுக்க வேண்டியிருக்கும். 10-க்கும் 15-க்கும் நடுவில் எந்த எண்ணும் பாதியாகப் பிரிக்கிறது என்பதுதான் உண்மை. அந்த இடைவெளியை விடையோடு எழுதிவிடுங்கள்.

## கோளாறு: வரைபடத்தில் ஒரு விடை, சூத்திரத்தில் ஒரு விடை

குவிவு எண்களைப் புள்ளிகளாக வைத்து வளைவு வரைந்து, பாதி என்ற உயரத்துக்கு நேரான மதிப்பைப் படிப்பதுதான் வரைபட வழி. வரைபட விடை அரை அகலம் குறைவாக, நம் அட்டவணையில் 23.89 அருகே, வந்தால் புள்ளிகளை நடுப்புள்ளிகளின் மேல் வைத்திருக்கிறீர்கள். ஏறும் குவிவு வளைவுக்கு மேலெல்லைதான் இடம். இறங்கும் வளைவுக்குக் கீழெல்லை. இரண்டு வளைவுகளும் 30 என்ற உயரத்தில் வெட்டிக்கொள்ள வேண்டும். வேறு உயரத்தில் வெட்டினால் ஏதோ ஒரு வளைவின் புள்ளிகள் நகர்ந்திருக்கின்றன. புள்ளிகளை அளவுகோலால் நேராக இணைத்தால் சூத்திரத்தின் விடையே வரும். கையால் வளைத்து வரைந்தால் சிறு வித்தியாசம் இருக்கத்தான் செய்யும், அதைத் துரத்த வேண்டாம்.

## கோளாறு: விடுபட்ட நிகழ்வெண் மைனஸாகவோ 0 ஆகவோ வருகிறது

0–10: 6, 10–20: தெரியாது, 20–30: 20, 30–40: தெரியாது, 40–50: 7. மொத்தம் 50, இடைநிலை அளவு 24. பிரிவு 20–30 என்பதை 24-ஏ சொல்லிவிடுகிறது. பின்னம் 0.4, எனவே 25-லிருந்து முந்தைய குவிவைக் கழித்தால் 8. முந்தைய குவிவு 17. அதில் முதல் வரியின் 6 போக, விடுபட்டது 11, மற்றது 6.

முதல் வரியின் 6-ஐக் கழிக்க மறந்தால் முதலாவது 17 ஆகி, இரண்டாவது 0 ஆகிவிடும். அந்த 0-தான் தடயம். விடை 11.02 மாதிரி பின்னமாக வந்தால் கேள்வியில் இடைநிலை அளவைச் சுருக்கிக் கொடுத்திருக்கிறார்கள்; முழு எண்ணாக்கி, திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

## எப்போது தெரிந்தவரிடம் போக வேண்டும்

மேலே உள்ள எல்லாம் நோட்டுக்குள் தீரும் கோளாறுகள். சில, அட்டவணைக்கு வெளியே இருப்பவை.

"50-க்கு மேல்" என்ற திறந்த வரி கடைசியில் இருப்பது மட்டும் பிரச்சினை இல்லை. கூட்டுச் சராசரி அங்கே மாட்டிக்கொள்ளும், இடைநிலை அளவு கடந்து போய்விடும். ஆனால் பாதிப் பேருக்கு மேல் அந்தத் திறந்த வரியிலேயே இருந்தால், அகலமே தெரியாதபோது சூத்திரத்துக்கு வேலை இல்லை. அகலத்தை நீங்களாக ஊகித்துப் போடாமல், தகவலைத் திரட்டியவரிடம் கேளுங்கள்.

ஒரே பிரிவில் முக்கால்வாசிப் பேர் அடைந்து கிடந்தாலும் அப்படித்தான். அந்தப் பிரிவுக்குள் எல்லாரும் சீராகப் பரவியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டுதான் சூத்திரம் நடக்கிறது. அவர்கள் ஒரு மூலையில் குவிந்திருந்தால் விடை வெகுதூரம் தள்ளிப்போகும். தொகுக்காத மூல எண்கள் யாரிடமாவது இருந்தால் அவற்றை வாங்கி வரிசைப்படுத்துவதே மேல்.

நிகழ்வெண் பத்தியில் 12.7, 30.4 என்று தசமங்கள் இருந்தால், அவை மாதிரிக் கணக்கெடுப்புக்காக எடையிட்டவையாகவோ சதவீதமாகவோ இருக்கலாம். சூத்திரம் ஒரு விடையைத் தரத்தான் செய்யும். அந்த விடையை ஓர் அறிக்கையில் எழுதப் போகிறீர்கள் என்றால் புள்ளியியல் தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். போகும்போது மூன்று தகவல்களைக் கையில் வைத்திருங்கள்: எண்கள் முழுமையாக்கப்பட்டவையா அல்லது முடிந்தவற்றை மட்டும் எண்ணியவையா, மேலெல்லையில் விழுந்த மதிப்பு எந்தப் பிரிவில் சேர்க்கப்பட்டது, பதில் சொல்லாதவர்கள் மொத்தத்தில் இருக்கிறார்களா இல்லையா. அவர் முதலில் கேட்கப்போவது இவற்றைத்தான்.